செம்பு வளமும் நாட்டு வாழ்வும்: ஜாம்பியா கூறும் பாடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பும் அரும்பணியை 25 ஆண்டுகளாகச் செய்துவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் பேச வாய்ப்பளித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். 'செம்புச் சுரங்கத் தொழிலும் நாட்டுப் பொருளாதாரமும்' என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. கல்விச் சங்கத்தின் விழாவில் செம்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மண்ணுக்கடியில் பெருஞ்செல்வத்தை வைத்திருந்தும் வறுமையில் வாடிய ஒரு நாட்டின் வரலாற்றைச் சொன்னால், செம்புக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு தானே விளங்கும். அந்த நாடு ஆப்பிரிக்காவில் உள்ள ஜாம்பியா.

செம்பு நமக்குப் புதிய பொருளன்று. தண்ணீர்ச் செம்பும் குடமும் நம் வீடுகளில் தொன்றுதொட்டுப் புழங்கி வருகின்றன. ஆயினும் செம்பை உலகின் தலையாய உலோகங்களுள் ஒன்றாக்கியது மின்சாரமேயாகும். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கு உண்டு. வெள்ளியோ விலை மிகுந்தது. ஆகவே மின்கம்பி, மோட்டார், மின்னாக்கி, தொலைபேசிக் கம்பி என எதை எடுத்தாலும் செம்பு இன்றி நடவாது. இன்று மின்சாரக் கார்களும் காற்றாலைகளும் பெருகி வருவதால் இதன் தேவை மேலும் வளர்ந்துகொண்டே போகிறது.

ஆனால் செம்பு பூமியில் கட்டியாகக் கிடைப்பது அரிது. ஜாம்பியாவின் தாது வளமானது எனப் பெயர் பெற்றது. அங்கேகூட 100 டன் பாறையை வெட்டினால் அதில் இருக்கும் செம்பு சில டன்தான். அப்பாறையை வெடிவைத்துப் பிளந்து, மேலே ஏற்றி, மாவாக அரைத்து, நீரிலும் இரசாயனங்களிலும் கலக்கித் தாதுத் தூளைப் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர் உலையில் உருக்க வேண்டும். கடைசியாக மின்பகுப்பு முறையில் தூய்மையாக்கிய பிறகே 99.99 விழுக்காடு தூய செம்புத் தகடு கிடைக்கும். எஞ்சும் கசடு மலைபோல் குவியும். இத்தொழிலுக்குப் பெருமுதல் வேண்டும். பெரும் உழைப்பு வேண்டும். நுட்பமான அறிவும் வேண்டும். இம்மூன்றில் உழைப்பு மட்டுமே ஜாம்பிய மக்களிடம் கேட்கப்பட்டது.

ஒரு கையெழுத்தில் தொடங்கிய கதை

ஜாம்பியா கடற்கரை இல்லாத நாடு. இன்று ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள் அங்கு வாழ்கிறார்கள். விடுதலைக்கு முன் அதன் பெயர் வட ரொடீஷியா. சிசில் ரோட்ஸ் என்பவரின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி 1890-இல் அங்குக் கால் வைத்தது. லோசி இன மன்னரான லெவானிகாவிடம் அக்கம்பெனியின் ஆள் ஒருவர் ஓர் ஆங்கில ஆவணத்தை நீட்டினார். மன்னரால் அதைத் தாமே படித்தறிய இயலவில்லை. பிறர் மொழிபெயர்த்துச் சொன்னதை நம்பினார். இங்கிலாந்து மகாராணியின் பாதுகாப்பைப் பெறுகிறோம் என்று எண்ணியே அவர் இசைந்தார். உண்மையில் தம் நாட்டின் கனிம உரிமைகளை ஒரு வணிகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர் உண்மை தெரிந்து அவர் எதிர்ப்புத் தெரிவித்தார், பயனில்லை. லெவானிகாவின் ஆட்சி நடந்த பகுதிக்கு வெகு தொலைவில், செம்பு விளையும் வேறு மக்களின் நிலத்திலும் கம்பெனி பின்னாளில் உரிமை கொண்டாடியது.

1924-இல் நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசின் குடியேற்ற அலுவலகத்துக்கு மாறியது. ஆனால் கனிம உரிமையைக் கம்பெனி விட்டுக்கொடுக்கவில்லை. 1964 வரை, அங்கு வெட்டியெடுத்த செம்பு முழுவதற்கும் ராயல்டி என்னும் உரிமைத்தொகை அக்கம்பெனிக்குச் சென்றது. சுரங்கத்தை வெட்டியது வேறு நிறுவனங்கள். அதில் உழைத்தது வேறு மக்கள். ஒரு பழைய காகிதத்தைப் பெட்டியில் வைத்திருந்த ஒரே காரணத்துக்காகக் கம்பெனி 40 ஆண்டுகள் அந்த நிலத்தின் வருவாயில் பங்கு பெற்றது.

1906-இல் இருப்புப்பாதை கப்வே நகரை எட்டியது; 1909-இல் காங்கோ எல்லையைத் தொட்டது. 1931-இல் லுவான்ஷியாவின் ரோன் ஆன்டிலோப் சுரங்கமும், தொடர்ந்து இன்கானா, முஃபுலிரா சுரங்கங்களும், 1939-இல் இன்சாங்கா சுரங்கமும் உற்பத்தியைத் தொடங்கின. இந்தப் பகுதிக்குச் 'செம்பு வட்டாரம்' என்றே பெயர் ஏற்பட்டது. ஆங்கிலோ அமெரிக்கன், ரொடீஷியன் செலக்‌ஷன் டிரஸ்ட் என்னும் இரண்டு பெரும் நிறுவனங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டன.

சுரங்கத்துக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள்? உழுது பிழைத்துவந்த கிராமத்து மக்கள் பூமிக்கடியில் இறங்குவதற்குத் தாமாக விரும்பி ஓடி வந்துவிடவில்லை. அரசு தலைவரி விதித்தது. வரியைத் தானியமாகக் கட்ட முடியாது. காசாகக் கட்ட வேண்டும். காசு கிடைக்கும் இடமோ சுரங்கம். இவ்வாறு வரி என்னும் கயிறு, கிராமத்து இளைஞர்களைச் சுரங்க வாயிலுக்கு இழுத்து வந்தது.

நிறத்தால் வகுத்த வேலை

சுரங்கத்துக்குள் என்ன வேலை யாருக்கு என்பதைத் திறமை தீர்மானிக்கவில்லை. தோலின் நிறம் தீர்மானித்தது. மேற்பார்வை, இயந்திர வேலை, பயிற்சி தேவைப்படும் பணி யாவும் வெள்ளையருக்கே. மண்ணும் பாறையும் அள்ளுவது ஆப்பிரிக்கருக்கு. பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று வேலையைக் கற்றுக்கொண்ட ஆப்பிரிக்கர், நேற்று வந்த வெள்ளை இளைஞருக்கு வேலை சொல்லிக்கொடுப்பார். அவருக்குக் கீழேயே கூலியாளாகவும் இருப்பார். 1936-இல் தோன்றிய வெள்ளைத் தொழிலாளர் சங்கம் இந்த ஏற்பாட்டைக் கட்டிக் காத்தது. உழைப்பவர்களின் சங்கமே உழைப்பவர்களைப் பிரித்து வைத்தது என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பிறப்பைக் கொண்டு வேலையை வகுப்பது எத்தகையது என்பதை இந்த அவையில் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1935-இல் சுரங்க நகரங்களில் தலைவரி உயர்த்தப்பட்டது. முஃபுலிராவிலும் இன்கானாவிலும் லுவான்ஷியாவிலும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லுவான்ஷியாவில் காவல்துறை சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். 1940-இல் வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். அதைக் கண்டு, அதே சுரங்கத்தில் உழைத்த ஆப்பிரிக்கரும் உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்கானாவில் துருப்புகள் சுட்டன. 17 பேர் உயிரிழந்தனர். கோரிக்கை ஒன்றுதான், ஒரு சாராருக்குக் கிடைத்தது பணம், மறு சாராருக்குக் கிடைத்தது குண்டு.

ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1949-இல் ஆப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. லாரன்ஸ் கட்டிலுங்கு அதன் தலைவரானார். 1955-இல் அச்சங்கம் 58 நாள்கள் வேலைநிறுத்தம் நடத்தியது. அதே ஆண்டில், அதுவரை வெள்ளையருக்கென ஒதுக்கியிருந்த வேலைகளில் சிலவற்றை ஆப்பிரிக்கருக்குத் திறந்துவிடும் உடன்பாடு ஏற்பட்டது. கதவு முழுதும் திறக்கவில்லை, சற்றே விலகியது.

இடையில் 1953-இல் வட ரொடீஷியாவைத் தென் ரொடீஷியாவோடும் நியாசலாந்தோடும் பிணைத்து ஒரு கூட்டாட்சியை அமைத்தார்கள். அதன் தலைநகர் தெற்கே வெள்ளைக் குடியேறிகள் ஆண்ட சாலிஸ்பரியில் இருந்தது. வடக்கே விளைந்த செம்பின் வரி வருவாயில் பெரும்பகுதி தெற்கின் வளர்ச்சிக்குப் பயன்பட்டது. 1963-இல் அக்கூட்டாட்சி கலைந்தது.

விடுதலை நாளில் எண்ணிப் பார்த்த கணக்கு

1964 அக்டோபர் 24 அன்று ஜாம்பியா விடுதலை பெற்றது. கென்னத் கவுண்டா குடியரசுத் தலைவரானார். நாட்டுக்கொடியில் செம்பைக் குறிக்கும் ஆரஞ்சு நிறம் இடம் பெற்றது. விடுதலைக்குச் சற்று முன்புதான் கம்பெனியின் கனிம உரிமை ஒரு முடிவுக்கு வந்தது. அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 40 லட்சம் பவுனில் பாதியைப் பிரிட்டனும் பாதியைப் புதிய நாடும் செலுத்தின. தன் மண்ணின் உரிமையைத் தன் பணத்தைக் கொடுத்தே அந்த நாடு மீட்டுக்கொண்டது.

ஆனால் பெரியோர்களே, அன்று எண்ணிப் பார்த்த இன்னொரு கணக்குத்தான் என் உள்ளத்தை மிகவும் வருத்துவது. உலகின் முன்னணிச் செம்பு உற்பத்தி நாடுகளுள் ஒன்றாக விளங்கிய அந்நாட்டில், விடுதலை நாளில் பட்டம் பெற்றிருந்த ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 100 பேர். உயர்நிலைக் கல்வியை முடித்துச் சான்றிதழ் பெற்றிருந்தவர் ஏறத்தாழ 1,200 பேர். மக்கள்தொகையோ 35 லட்சம் அளவில் இருந்தது. பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்கருக்கான புகழ்பெற்ற முனாலி உயர்நிலைப் பள்ளியே 1939-இல்தான் லுசாக்காவில் தொடங்கியது. முப்பதாண்டுக் காலம் ஆயிரக்கணக்கான டன் செம்பு கப்பலேறியது. அதை வெட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட மட்டும் பணம் இல்லை என்றார்கள்.

இதன் விளைவு என்ன? சுரங்கத்தின் வரைபடத்தைப் படிக்கவும், உலையின் வெப்பத்தைக் கணிக்கவும், விற்பனைக் கணக்கைச் சரிபார்க்கவும் சொந்த நாட்டார் இல்லை. எல்லாவற்றுக்கும் அயலாரை எதிர்நோக்க வேண்டியிருந்தது.

புதிய அரசு இக்குறையைப் போக்க முனைந்தது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டந்தோறும் எழுந்தன. 1966-இல் ஜாம்பியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் கட்டட நிதிக்கு அரசு மட்டுமன்றி ஏழை எளிய மக்களும் தங்களால் இயன்றதை அளித்தார்கள். பொதுமக்கள் ஈந்த சிறு தொகைகளால் வளர்ந்த இச்சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அந்தச் செயலின் பெருமை நன்கு விளங்கும்.

சுரங்கம் கைக்கு வந்தது, விலை வரவில்லை

1969-இல் கவுண்டா, செம்புச் சுரங்க நிறுவனங்களின் பங்குகளில் 51 விழுக்காட்டை அரசு எடுத்துக்கொள்ளும் என அறிவித்தார். அப்போது ஆண்டு உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் 90 விழுக்காட்டுக்கு மேல் செம்பிலிருந்தே வந்தது. அரசின் வருவாயிலும் பெரும்பகுதி அதுவே. மருத்துவமனைகளும் சாலைகளும் பள்ளிகளும் செம்புப் பணத்தில் எழுந்தன.

அந்தச் செம்புக்குக் கொடுத்த விலையையும் மறந்துவிடலாகாது. 1970 செப்டம்பர் 25 அன்று முஃபுலிராச் சுரங்கத்தின் மேலே தேங்கியிருந்த கசடுச் சேறு உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இரவுப் பணியில் இருந்த 89 தொழிலாளர்கள் மாண்டனர்.

அடுத்து வந்தது வழிச் சிக்கல். கடல் இல்லாத நாட்டின் செம்பு பிறர் நாட்டு இருப்புப்பாதை வழியாகத்தான் துறைமுகம் சேர வேண்டும். 1965-இல் தென் ரொடீஷியாவின் வெள்ளைச் சிறுபான்மையினர் தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தனர். 1973-இல் அந்த எல்லை மூடப்பட்டது. அங்கோலா வழிப் பாதையும் 1975-இல் உள்நாட்டுப் போரால் அடைபட்டது. சீனாவின் வட்டியில்லாக் கடனுதவியால் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர் நீளத்தில் புதிய இருப்புப்பாதை போடப்பட்டு, 1976-இல் ஒப்படைக்கப்பட்டது. அண்டை நாட்டு மக்களின் விடுதலைப் போராட்டத்தை ஆதரித்ததற்காக ஜாம்பியா தாங்கிய சுமை சிறிதன்று.

இத்தனையும் தாங்கிய நாட்டை வீழ்த்தியது விலை. செம்பின் விலையை லுசாக்கா தீர்மானிப்பதில்லை. லண்டன் உலோகச் சந்தையில் தீர்மானிக்கிறார்கள். 1967-இல் சிலி, பெரு, ஜயர் ஆகிய நாடுகளோடு ஜாம்பியாவும் சேர்ந்து செம்பு ஏற்றுமதி நாடுகளின் அமைப்பொன்றை நிறுவிப் பார்த்தது. எண்ணெய் நாடுகளுக்குக் கைகூடிய ஒற்றுமை செம்பு நாடுகளுக்குக் கைகூடவில்லை. 1974-இல் உச்சத்தைத் தொட்ட விலை, அடுத்த ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. அதே வேளையில் இறக்குமதி செய்த எண்ணெயின் விலை பலமடங்கு ஏறியிருந்தது.

ஒரே பயிரை நம்பிய உழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். விளைச்சல் குறையவில்லை, சந்தையில் விலை பாதியாயிற்று. அடுத்த ஆண்டு விலை ஏறும் என்று நம்பிக் கடன் வாங்குகிறார். ஏறவில்லை. வட்டியைக் கட்ட மறுபடியும் கடன். ஏரைப் பழுதுபார்க்கப் பணமில்லை. ஆகவே விளைச்சலும் குறைகிறது. ஜாம்பியாவுக்கு நேர்ந்தது இதுவே. உதிரிப் பாகங்கள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி இயந்திரங்கள் நின்றன. 7 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி, 2000-ஆம் ஆண்டளவில் இரண்டரை லட்சம் டன்னாகத் தேய்ந்தது.

கடன் கொடுத்தவர்கள் சிக்கனம் பேசினார்கள். 1986 டிசம்பரில் மக்காச்சோள மாவுக்கு அளித்துவந்த மானியம் வெட்டப்பட்டது. ஏழைகளின் அன்றாட உணவு விலை ஒரே நாளில் இரட்டிப்பானது. செம்பு வட்டாரத்தில் கலகம் மூண்டது. 15 பேர் மாண்டனர். செம்பை வெட்டித் தந்த ஊரிலேயே ஒரு பிடி மாவுக்காக உயிர்கள் போயின.

இங்கே கல்வியைப் பற்றிய ஒரு குறிப்பைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் சுரங்கவியல் புலம் 1973-இல்தான் தொடங்கியது. அங்கே படித்த முதல் பொறியாளர்கள் வெளியே வரும்போது விலைச் சரிவு தொடங்கிவிட்டிருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பே அவர்களைப் படிக்க வைத்திருந்தால் நல்ல காலத்தின் வருவாயைக் கணித்துக் காக்கும் ஆற்றல் நாட்டிடம் இருந்திருக்கும். காலம் தாழ்த்திய கல்விக்கு நாடு செலுத்திய வட்டி மிகப் பெரிது.

மீண்டும் ஒரு காகிதம்

1991-இல் கவுண்டா தேர்தலில் தோற்றார். தொழிற்சங்கத் தலைவராக இருந்த பிரெடரிக் சிலுபா ஆட்சிக்கு வந்தார். 1997 முதல் 2000 வரை அரசின் சுரங்கங்கள் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. 1970-களின் நடுவில் 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை, 2000-இல் ஏறத்தாழ 22 ஆயிரமாகச் சுருங்கியது. அரசு நிறுவனம் நடத்திவந்த மருத்துவமனைகளும் பள்ளிகளும் குடிநீர் வசதிகளும் பல ஊர்களில் கேட்பாரற்றுப் போயின.

வாங்கிய நிறுவனங்களோடு அரசு 'வளர்ச்சி ஒப்பந்தங்கள்' என்ற பெயரில் கையெழுத்திட்டது. சட்டப்படி 3 விழுக்காடாக இருந்த ராயல்டி, பல ஒப்பந்தங்களில் 0.6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரி விதிப்பை 15 முதல் 20 ஆண்டுகள் வரை மாற்றமாட்டோம் என்ற உறுதியும் அவற்றில் இருந்தது. இந்த ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் பொதுமக்களின் பார்வைக்கு வரவில்லை. பின்னர் 2004-க்குப் பிறகு செம்பின் விலை வானளாவ உயர்ந்தது. 2006-இல் டன்னுக்கு 8,000 டாலரையும் தாண்டியது. நாட்டின் கருவூலத்துக்கு வந்ததோ மிகச் சொற்பம். 2008-இல் அரசு சட்டத்தைத் திருத்தி, ராயல்டியை 3 விழுக்காடாக்கி, மிகை ஆதாய வரியும் விதித்தது. அந்த ஆண்டின் இறுதியில் விலை சரியவே, 2009-இல் மிகை ஆதாய வரியைக் கைவிட்டது.

1890-இல் மன்னர் இசைந்த ஆவணத்தை அவரால் படிக்க முடியவில்லை. நூறாண்டுக்குப் பின் வந்த ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் பல்லாயிரவர் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் அவை காட்டப்படவில்லை. எழுத்தறிவு முதற்படி. கணக்கைக் கேட்கும் உரிமை அடுத்த படி. இரண்டாவது இல்லையேல் முதலாவதின் பயன் பாதியாகிவிடும்.

ஆற்றின் வழக்கு

நட்டம் பணத்தில் மட்டும் இல்லை. செம்பு வட்டாரத்தின் பெரிய சுரங்க நிறுவனமான கொன்கோலா செம்புச் சுரங்கத்தை 2000-இல் வாங்கிய ஆங்கிலோ அமெரிக்கன் 2002-இல் விலகிக்கொண்டது. 2004-இல் அதன் பெரும்பங்கை வாங்கியது வேதாந்தா குழுமம். அதுவே நம் தூத்துக்குடித் தாமிர உருக்காலைக்கும் உரிய குழுமம். சின்கோலா வட்டாரத்துக் கிராம மக்கள், சுரங்கக் கழிவால் தங்கள் நீரும் நிலமும் கெட்டன எனக் கூறி லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்காடியவர்கள் 1,826 பேர். உழவர்களும் மீனவர்களும் ஆன எளியவர்கள். ஜாம்பியாவில் நடந்ததற்கு இங்கிலாந்தில் வழக்காட முடியாது என நிறுவனங்கள் வாதிட்டன. 2019 ஏப்ரலில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், அவ்வழக்கை அங்கே விசாரிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. 2021-இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனங்கள் சமரசத்துக்கு இசைந்தன.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை நாம் அறிவோம். ஆலை மூடப்பட்டது. அதைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செம்பு வேண்டாம் என்று நாம் சொல்ல இயலாது. நம் வீட்டு விளக்கே அதனால் எரிகிறது. ஆனால் செம்பின் உண்மையான அடக்கவிலையில் ஆற்று நீரும் மக்களின் மூச்சும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். 2025 பிப்ரவரி 18 அன்று, ஜாம்பியாவின் சாம்பிஷி அருகே சீன நிறுவனம் ஒன்றின் கசடுத் தேக்கம் உடைந்து அமிலக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. கிட்வே நகரத்தின் குடிநீர் நிறுத்தப்பட்டது. யாருடைய நிறுவனம் என்பதைவிட, கண்காணிக்க வேண்டியவர் கண்காணித்தாரா என்பதே கேள்வி.

வேறு வழி இருந்ததா?

இருந்தது என்பதற்குச் சிலி நாடு சான்று. செம்பு உற்பத்தியில் உலகின் முதலிடம் வகிக்கும் நாடு அது. 1971-இல் சிலியின் நாடாளுமன்றம் ஒருமனதாகப் பெருஞ்சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. பின்னர் வந்த ஆட்சிகள் எத்தனையோ மாற்றங்களைச் செய்தும், கொடெல்கோ என்னும் அரசு நிறுவனம் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. 1980-களில் தொடங்கி, விலை ஏறிய ஆண்டுகளின் மிகை வருவாயை ஒரு நிதியில் ஒதுக்கி வைக்கும் முறையைச் சிலி கைக்கொண்டது. 2009-இல் உலகப் பொருளாதாரம் தடுமாறியபோது, அந்தச் சேமிப்பை எடுத்து ஏழைக் குடும்பங்களுக்கும் பொதுப்பணிகளுக்கும் செலவிட முடிந்தது. சிலியில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்றத்தாழ்வை எதிர்த்து 2019-இல் அந்நாட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எனினும் மழைக்காலத்தில் ஏரியை நிரப்பிக் கோடையில் மடை திறக்கும் அறிவு அங்கே இருந்தது.

ஜாம்பியாவோ 2005-இல் பழைய கடனில் பெரும்பகுதி தள்ளுபடி ஆன பின்னும், 2012 முதல் 2015 வரை உலகச் சந்தையில் 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை விற்றது. 2020 நவம்பரில் வட்டி செலுத்த இயலாமல் நின்றது. அதன் பின்னர் கடன்காரர்களோடு பேசி மறுசீரமைப்பு உடன்பாடுகளுக்கு வந்திருக்கிறது. 2024-இல் செம்பு உற்பத்தி மீண்டும் 8 லட்சம் டன்னைத் தாண்டியது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் உயர்நிலைக் கல்வி வரை கட்டணமில்லை என்ற நிலையும் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை செம்பும் பள்ளிக்கூடமும் ஒரே காலத்தில் வளருமானால், அந்நாட்டின் வருங்காலம் வேறாக இருக்கும்.

மாணவச் செல்வங்களே! இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, நாட்டில் செல்வம் இருப்பது வேறு. நாட்டு மக்களிடம் செல்வம் இருப்பது வேறு. உற்பத்தி எண்ணிக்கையைக் காட்டி எவரும் பெருமை பேசினால், அதில் உழைத்தவர் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாவது, உடல் உழைப்பை மட்டும் விற்கும் சமுதாயத்துக்கு விலை சொல்லும் உரிமை கிடைப்பதில்லை. பொறியியலும் நிலவியலும் கணக்கியலும் சட்டமும் நம் பிள்ளைகள் நுழைய வேண்டிய துறைகள். பட்டம் பெறுவதோடு நின்றுவிடாமல், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துக் கேள்வி கேட்கக் கற்க வேண்டும். மூன்றாவது, நல்ல காலத்தில் சேமிக்காதவர் கெட்ட காலத்தில் பிறர் கையை நோக்க வேண்டிவரும். இது நாட்டுக்கும் பொருந்தும், சங்கத்துக்கும் பொருந்தும், குடும்பத்துக்கும் பொருந்தும்.

25 ஆண்டுகளாக இச்சங்கம் சேர்த்துவைத்திருக்கும் செல்வம் இங்கே வரிசையாக அமர்ந்திருக்கும் நீங்கள்தான். தாது பூமியிலிருந்து ஒருமுறை வெட்டியெடுத்தால் தீர்ந்துபோகும். கற்றவர் ஒருவர் பத்துப் பேரைக் கற்கச் செய்தால் அந்தச் செல்வம் பெருகும். அடுத்த 25 ஆண்டுகளில் இந்த மேடையில் நின்று பேசும் பொறியாளரும் பொருளியல் அறிஞரும் வழக்கறிஞரும் உங்களிலிருந்தே வரவேண்டும் என வாழ்த்துகிறேன்.